சிட்னியின் சாக்பீஸ் சித்தர்

ஆர்தர் ஸ்டேஸின் முதல் பாதி வாழ்க்கையைப் பார்த்து யாரும் அவருக்குப் பெண்ணும் தர மாட்டார்கள், பேனாவும் தர மாட்டார்கள். 1885-இல் பிறந்தார். அப்பா, அம்மா இருவருமே குடி. உடன்பிறந்த பெண்கள் விபச்சார விடுதி நடத்த, இவர் சாராயம் சுமந்தார்; சூதாட்டக் கூடத்துக்கு வெளியே நின்று போலீஸ் வருகிறதா என்று பார்த்துச் சொன்னார். முதல் உலகப் போருக்குப் போய்த் திரும்பிய பிறகு குடியை இன்னும் சிரத்தையாகச் செய்தார்.

1930. ஊரெங்கும் வேலையில்லை. சர்ச் கூட்டமொன்றில் டீயும் கேக்கும் இலவசம் என்று போனார். முதலில் பிரசங்கம், பிறகுதான் கேக். கேட்டார், திருந்திவிட்டார். கேக் சுட்டவருக்குப் பரலோகத்தில் தனி பங்களா கிடைத்திருக்கும்.

1932 நவம்பரில் டார்லிங்ஹர்ஸ்ட் பாப்டிஸ்ட் சபையில் ஜான் ரிட்லி என்ற போதகர், 'எடர்னிட்டி', அதாவது நித்தியம், என்று சிட்னித் தெருவெல்லாம் கத்த ஆசை என முழங்கினார். வழக்கமாக இதற்குச் சபையார் ஆமென் போட்டுவிட்டுச் சாப்பிடப் போவார்கள். ஸ்டேஸ் பாக்கெட்டில் ஒரு சாக்பீஸ் கிடந்து தொலைத்தது. வெளியே வந்து நடைபாதையில் குனிந்தார். தன் பெயரையே உருப்படியாக எழுத வராத ஆளுக்கு, அந்தச் சொல் மட்டும் கல்யாணப் பத்திரிகை எழுத்துபோல் சுழித்துக்கொண்டு வந்தது.

அப்புறம் முப்பத்தைந்து வருடம், விடியுமுன் கிளம்பி அதே சொல். ஐந்து லட்சம் தடவை என்கிறார்கள். எண்ணியது யார் என்று கேட்கக் கூடாது. நடைபாதையில் கிறுக்குவது குற்றம் என்று போலீஸ் பலமுறை மடக்கியது. மேலிடத்து அனுமதி இருக்கிறது என்பாராம். எந்த மேலிடம் என்று விசாரணை போட்டிருந்தால் கேஸ் இன்றும் நடந்துகொண்டிருக்கும். எழுதுவது யாரென்று ஊருக்குத் தெரிந்தது 1956-இல்தான். கையும் சாக்பீஸுமாக ஒரு பாதிரியாரிடம் மாட்டினார்.

1967-இல் ஸ்டேஸ் போய்ச் சேர்ந்தார். குற்றம் கலையானது. சிட்னி சதுக்கத்தில் அதே கையெழுத்தை அலுமினியத்தில் பதித்தார்கள், அதுவும் தரையில்! மார்ட்டின் ஷார்ப் என்ற ஓவியர் அதைப் போஸ்டராக்கினார், டி-சர்ட்டும் வந்தது. 2000 புத்தாண்டு இரவில் ஹார்பர் பாலத்தின் மேலேயே அந்தச் சொல் ஜொலித்தது. நரகம் இருக்கிறது, ஜாக்கிரதை என்ற அர்த்தத்தில் குடியை விட்ட மனிதர் எழுதியதைப் பார்த்து, பீர் மூச்சோடு ஊரே விசிலடித்தது.

இடையில் ஸ்டேஸ் 'கடவுளுக்குக் கீழ்ப்படி' என்றும் கொஞ்ச காலம் எழுதிப் பார்த்திருக்கிறார். அதைப் பாலத்தில் ஏற்ற யாருக்கும் தோன்றவில்லை.