தடுப்பூசியில் கணக்கு வாத்தியாருக்கு என்ன வேலை?

கே: கணிதத்துக்கும் காய்ச்சலுக்கும் எப்போதிலிருந்து உறவு? – கோவில்பட்டி

ப: 1760-லிருந்து. பெரியம்மைக்கு எதிராக எல்லோரும் அம்மை குத்திக்கொண்டால் சராசரி ஆயுள் சுமார் 3 ஆண்டு கூடும் என்று கணிதவியலாளர் டேனியல் பெர்னூலி கணக்குப் போட்டுக் காட்டினார்.

கே: இதில் இந்தியாவுக்குப் பங்கு உண்டா? – தஞ்சாவூர்

ப: பெரிய பங்கு. கசௌலி பாஸ்டர் நிலையத்தில் வேலை பார்த்த மருத்துவர் மெக்கென்ட்ரிக். ஆய்வக விபத்தில் பார்வை இழந்த வேதியியலாளர் கெர்மாக். இருவரும் 1927-ல் மக்களை மூன்றாகப் பிரித்தார்கள்: தொற்றக்கூடியவர், தொற்றியவர், தேறியோ இறந்தோ விலகியவர். தங்கள் சமன்பாட்டை அவர்கள் பொருத்திப் பார்த்தது 1905-06 பம்பாய் பிளேக் சாவுக் கணக்கோடு. பிளேக் பாக்டீரியாவால் வருவது. ஆனால் கொரோனா வரை வைரஸ்களுக்கும் அந்தச் சமன்பாடுதான் அடித்தளம்.

கே: தட்டம்மைக்கு 95 சதவீதம் பேருக்கு ஊசி வேண்டும் என்கிறார்கள். 80 போதாதா? – ஓசூர்

ப: போதாது. ஊசியே இல்லாத ஊரில் ஒரு தட்டம்மை நோயாளி 12 முதல் 18 பேருக்குத் தொற்ற வைப்பார். 15 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 14 பேருக்கு எதிர்ப்புச் சக்தி இருந்தால்தான் தொற்று ஒருவரோடு நிற்கும். 15-ல் 14 என்றாலே 93 சதவீதம்!

கே: எபோலா 14 லட்சம் பேரைத் தாக்கும் என்றார்கள். வந்தது அதில் ஒரு துளி. கணிப்பு பொய்தானே? – காரைக்குடி

ப: 2014 செப்டம்பரில் அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் சொன்னது, 'எதுவும் மாறாவிட்டால்' லைபீரியாவிலும் சியரா லியோனிலும் 2015 ஜனவரிக்குள் 14 லட்சம் வரை போகலாம் என்று. அதே அறிக்கை இன்னொன்றும் சொன்னது: சுமார் 70 சதவீத நோயாளிகளைத் தனிமைப்படுத்தி, இறந்தவர்களைப் பாதுகாப்பாக அடக்கம் செய்தால் நோய் அடங்கும். உலகம் ஓடி வந்தது, ஊர் மக்களும் மாறினார்கள். கினியாவையும் சேர்த்து மொத்தம் சுமார் 28,600 பேரோடு நின்றது. எச்சரிக்கை பலிக்காமல் போவதற்காகத்தான் எச்சரிக்கிறார்கள். இனி யாராவது எண்ணைச் சொன்னால், 'எது மாறாவிட்டால்?' என்று கேளுங்கள்.

கே: கொஞ்சம் குழந்தைகளுக்காவது ஊசி போடுவது நல்லதுதானே? – நாகர்கோவில்

ப: ரூபெல்லா என்ற அம்மை நோயில் இல்லை. கணக்கு இல்லாமல் இதை யாரும் ஊகித்திருக்க முடியாது. அரைகுறையாக ஊசி போட்டால் வைரஸ் மறையாது, மெதுவாகச் சுற்றும். சிறுவயதில் தப்பிய பெண் குழந்தைக்கு அது கர்ப்ப காலத்தில் வந்து சேரலாம். வயிற்றுக் குழந்தைக்குக் காது கேளாமை, கண்புரை, இதயக் கோளாறு. கிரீஸ் 1975 வாக்கில் ஊசியைத் தொடங்கி, 50 சதவீதத்தைக்கூட எட்டாமல் விட்டது. 1993-ல் இளம் வயதினரிடையே ரூபெல்லா வெடித்தது. பிறவிப் பாதிப்போடு 25 குழந்தைகள் உறுதியானார்கள். 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் 9 மாதம் முதல் 15 வயதுக்கு உட்பட்ட அத்தனை பேருக்கும் ஒரே வீச்சில் எம்.ஆர். (தட்டம்மை-ரூபெல்லா) ஊசி போட முனைந்ததற்கு இதுவும் ஒரு காரணம். அன்று ஊசி பற்றிய வாட்ஸ்அப் வதந்தியை நம்பிப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாத பெற்றோருக்கு இந்தக் கணக்கை யாராவது பொறுமையாகச் சொல்லியிருக்கலாம் என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் உண்டு.

கே: என் பேத்திக்கு முதல் எம்.ஆர். ஊசி போட்டாயிற்று. இரண்டாவது அவசியமா? – விருத்தாசலம்

ப: கட்டாயம். 9 மாதத்தில் போடும் முதல் ஊசி தட்டம்மைக்கு எதிராக 100 குழந்தைகளில் சுமார் 85 பேருக்குத்தான் பலன் தரும். 16 முதல் 24 மாதத்துக்குள் அடுத்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். தடுப்பூசி அட்டையை இன்றே எடுத்துப் பாருங்கள், அம்மா.