வாயை மூடச் சொன்ன விதவையும் வியன்னா வைத்தியரும்

மேச்சேரியில் ஒருவர் தன் மனக்கஷ்டத்தை முழுசாகச் சொல்லி முடித்ததாகச் சரித்திரம் இல்லை. ‘ராத்திரி தூக்கமே வர்றதில்லீங்க’ என்று ஆரம்பித்தால் போதும். டீ ஆற்றுகிறவர் கசகசா என்பார். பெஞ்சில் இருப்பவர் வாசக்கால் திசை கேட்பார். முன்பின் தெரியாத ஒருவர், ‘பையனுக்குக் காலாகாலத்துல கல்யாணத்தைப் பண்ணுங்க, எல்லாம் சரியாப்போயிடும்’ என்று சொல்லிவிட்டு மேட்டூர் பஸ்ஸில் ஏறிப் போய்விடுவார். குறி சொல்கிறவரிடம் போனால் இன்னும் வசதி. நாம் வாயையே திறக்க வேண்டாம். நம் கஷ்டம், அதன் காரணம், அதற்குப் பரிகாரம், மூன்றையும் அவரே சொல்லித் தட்சணையும் வாங்கிக்கொள்வார். ஊரில் வாயை மூடிக்கொண்டு நடக்கிற ஒரே காரியம் ஆட்டு வியாபாரம். மேச்சேரி ஆடு தோலுக்குப் பேர்போனது; விலையைத் தரகர் துண்டுக்குள் விரலைப் பிடித்தே பேசி முடித்துவிடுவார்.

இப்படிப்பட்ட ஊரில் ‘இன்சைட் தெரபி’ என்றால் என்னவென்று விளக்குவது சிரமம். அதாவது, கஷ்டப்படுகிறவர் பேசுவார், வைத்தியர் கேட்பார். மாதக்கணக்கில் பேசிப் பேசி, நான் ஏன் இப்படி இருக்கிறேன் என்பதை அவரே கண்டுகொள்வார். பரிகாரம் கிடையாது, தாயத்து கிடையாது, பணம் மட்டும் உண்டு.

இதைக் கண்டுபிடித்தவர் சிக்மண்ட் பிராய்டு என்று பாடப்புத்தகம் சொல்லும். புத்தகத்தைச் சற்று ஓரமாக வையுங்கள். கண்டுபிடித்தவர்கள் இரண்டு பெண்கள். பிராய்டு அதில் ஒருவரிடம் திட்டு வாங்கினவர்.

முதல் பெண் பெர்த்தா பாப்பன்ஹைம், வியன்னாவின் வசதியான வீட்டுப் பெண். 1880இல் படுத்த படுக்கையான அப்பாவுக்குப் பணிவிடை செய்யப்போய்த் தானும் படுத்துவிட்டார். கை மரத்துப்போயிற்று. ஜெர்மன் மறந்து, இங்கிலீஷ் மட்டும்தான் வந்தது. நம் பக்கம் என்றால் இதற்கு வைத்தியம் பார்த்திருக்க மாட்டார்கள். கான்வென்ட் ஃபீஸ் வீண்போகவில்லை என்று சந்தோஷப்பட்டிருப்பார்கள். அங்கே யோசஃப் பிராயர் என்ற பெரிய டாக்டரைக் கூப்பிட்டார்கள். பிராயர் நல்ல மனிதர், பிராய்டுக்கு மூத்தவர். என்ன செய்வதென்று அவருக்கும் தெரியவில்லை. தெரியாததால் சும்மா உட்கார்ந்து கேட்டார். உலக வைத்திய சரித்திரத்தில் தெரியாமை இவ்வளவு பலன் தந்தது அபூர்வம்.

ஒரு கோடையில் பெர்த்தாவால் தண்ணீர் குடிக்க முடியவில்லை. தாகம் வாட்டுகிறது, டம்ளர் உதட்டில் பட்டதும் தள்ளிவிடுகிறார். ஆறு வாரம் முலாம்பழம் மாதிரிப் பழங்களைத் தின்றே காலம் தள்ளினார். ஒருநாள் அரைமயக்க நிலையில், வீட்டுத் துணையாக இருந்த இங்கிலீஷ்காரப் பெண்மணியைப் பற்றிப் புலம்பத் தொடங்கினார். அந்தம்மாளின் நாய்க்குட்டி ஒரு டம்ளரில் வாய் வைத்துத் தண்ணீர் குடித்ததை இவர் பார்த்திருக்கிறார். மரியாதை கருதி அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. இப்போது அந்த அருவருப்பையெல்லாம் கொட்டித் தீர்த்தார். தீர்த்த கையோடு தண்ணீர் கேட்டார், வாங்கிக் குடித்தார். முழுங்கின கோபம் தொண்டையை அடைத்திருந்தது என்பதை டாக்டர் சொல்லவில்லை, பெர்த்தாவே சொன்னார். இந்த வைத்தியத்துக்குப் புகைபோக்கி சுத்தம் செய்வது என்று கேலிப் பெயரும் வைத்தார்.

1895இல் பிராயரும் பிராய்டும் ‘அன்னா ஓ.’ என்ற மாற்றுப் பெயரில் இந்தக் கதையைப் புத்தகத்தில் போட்டார்கள், குணமாகிவிட்டார் என்ற தோரணையில். சிகிச்சை முடிந்த 1882லேயே அவர் சுவிட்சர்லாந்தில் ஒரு மனநல விடுதியில் சேர்க்கப்பட்டதை எழுத இருவருக்கும் மறந்துவிட்டது. மறதிக்கெல்லாம் உள்ளே ஒரு காரணம் இருக்கும் என்று பின்னால் உலகத்துக்குச் சொல்லிக்கொடுத்தவர் இதே பிராய்டுதான்.

இரண்டாவது பெண் ஃபன்னி மோசர். சுவிட்சர்லாந்துக் கடிகார முதலாளியின் விதவை, ஐரோப்பாவின் பணக்காரிகளில் ஒருவர். 1889இல் பிராய்டு இவருக்கு வைத்தியம் பார்த்தார். அப்போது பிராய்டு குறிகாரர் மாதிரிதான். இது எங்கிருந்து வந்தது, அது எப்போது ஆரம்பித்தது என்று குடைந்துகொண்டே இருப்பார். அந்தம்மாள் ஒருநாள் பொறுமை இழந்துவிட்டார். அதையும் இதையும் கேட்டுக்கொண்டிருக்காமல் நான் சொல்ல வந்ததைச் சொல்ல விடுங்கள் என்ற அர்த்தத்தில் கடிந்துகொண்டார். ‘சரி’ என்று அடங்கினார் பிராய்டு. மனசில் தோன்றுவதையெல்லாம் தணிக்கையில்லாமல் நோயாளி பேசுவது என்ற மாபெரும் முறைக்கு வித்து அந்த அதட்டல்தான். அறிவியல் இப்படித்தான் வளர்கிறது, யாராவது ஒரு அம்மாள் அதட்ட வேண்டியிருக்கிறது.

அதன்பின் வந்ததுதான் அந்தப் புகழ்பெற்ற சோபா. அதுவும் ஒரு நோயாளி கொடுத்த பரிசு. நோயாளி படுத்திருக்க, பிராய்டு தலைமாட்டில் மறைந்து உட்காருவார். இதற்கு ஆழமான தத்துவம் இருக்கும் என்று நினைத்தவர்களுக்கு அவரே 1913இல் பதில் எழுதினார்: தினமும் எட்டு மணி நேரம் ஆட்கள் தன் முகத்தை உற்றுப் பார்ப்பதை அவரால் தாங்க முடியவில்லை.

அப்பா இறந்த மறு வருஷம், 1897இல், பிராய்டு தன்னைத் தானே ஆராயத் தொடங்கினார். தன்னந்தனியாக என்று பெருமையாகச் சொல்வார்கள். பெர்லினில் ஃபிளீஸ் என்ற நண்பருக்குக் கடிதம் கடிதமாக எழுதித் தள்ளினது அந்தத் தனிமையில் சேராது போலிருக்கிறது. ஃபிளீஸ் காது மூக்கு தொண்டை டாக்டர். மனுஷனின் சகல துன்பத்துக்கும் மூக்கில்தான் சூட்சுமம் என்று நம்பினவர். உலகத்தின் மனசைத் தோண்டினவருக்கும் தன் மனசைச் சொல்ல ஒரு மூக்கு டாக்டர் தேவைப்பட்டார்.

விதவையிடம் கற்ற பாடம் எவ்வளவு நாள் நின்றது? 1900 அக்டோபரில் ‘டோரா’ என்று அவர் பெயரிட்ட பதினெட்டு வயதை நெருங்கிய பெண் வந்தாள். பிராய்டுக்கு அப்போது கனவுப் புத்தகம் வெளிவந்த மிதப்பு (ஆறு வருஷத்தில் 351 பிரதி விற்றது, அது வேறு விஷயம்). டோரா ஒரு கனவைச் சொன்னால் இவர் ஒன்பது அர்த்தம் சொன்னார். உனக்கு இவர்மேல் ஆசை, அவர்மேல் ஆசை என்று அடுக்கினார். உடுக்கைதான் இல்லை. டிசம்பர் 31ஆம் தேதி அவள் எழுந்து விடைபெற்றுப் போய்விட்டாள், பதினோரு வாரத்தில். அப்பாவிடமும் மற்ற ஆண்களிடமும் இருந்த கோபம் தன்மேல் திரும்பியதை கவனிக்கத் தவறினேன் என்று பிராய்டு 1905இல் அச்சில் ஒப்புக்கொண்டார். மாமனார் மேலுள்ள கோபத்தைக் கண்டக்டர் மேல் காட்டுகிற நம் வழக்கத்துக்கு அவர்கள் வைத்த பெயர் இடமாற்றம். வைத்தியர் வாயை மூடிக்கொண்டிருந்தால்தான் அது யார் மேலுள்ள கோபம் என்று நோயாளிக்கே உறைக்கும்.

அதே 1905இல் இன்னொரு புத்தகத்தில், அருவருப்பும் வெட்கமும் ஒழுக்கமும் மனசில் கட்டின அணைகள் என்று எழுதினார். மேட்டூரைப் பார்க்காமலே எழுதிவிட்டார். நம் அணைக்கு 1925இல்தான் வேலை ஆரம்பம்; கர்னல் எல்லிஸின் வடிவமைப்பில் கட்டி, 1934 ஆகஸ்டில் திறந்தார்கள். உள்ளே ஊர் ஊராக மூழ்கின. தண்ணீர் நன்றாக வற்றும் வருஷங்களில் பண்ணவாடிப் பக்கம் பழைய சர்ச் கோபுரம் தலைகாட்டும், அப்புறம் நந்தி எழுந்து உட்கார்ந்திருக்கும். மூழ்கடித்தது எதுவும் ஊரைவிட்டுப் போகவில்லை என்பதற்கு இதைவிட நல்ல பாடம் வியன்னாவில் கிடைத்திருக்காது.

இந்தியாவில் பிராய்டின் அந்தப் பாடத்தைக் கண்டுகொண்டவர் கல்கத்தா டாக்டர் கிரீந்திரசேகர் போஸ். மனசுக்குள் அமுக்கி வைப்பதைப் பற்றி 1921இல் ஆய்வு எழுதிப் பிராய்டுக்கு அனுப்பினார். 1922இல் பார்சிபாகான் சந்தில் தன் வீட்டிலேயே இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தையும் தொடங்கினார். யாரிடமும் பயிற்சி எடுக்காதவர், மந்திரவித்தையும் மெஸ்மரிசமும் பழகினவர். அண்ணன் ராஜசேகர் போஸ் வங்காளத்தின் தலைசிறந்த நகைச்சுவை எழுத்தாளர். நம் பக்கத்து ஜலகண்டாபுரம் நகைச்சுவைக் கதைகளின் அப்புசாமித் தாத்தாவைப் பெற்றெடுத்த மாதிரி அங்கே அந்த வீடு. அண்ணன் கதைகளுக்குப் படம் போட்ட ஜதீந்திர குமார் சென் என்பவரை விட்டே, போட்டோகூடப் பார்க்காமல், பிராய்டின் முகத்தைக் கற்பனையாக வரையச் சொல்லி வியன்னாவுக்கு அனுப்பினார்கள். தன்னை அசல் இங்கிலீஷ்காரனாக ஆக்கிவிட்டார்கள் என்று பிராய்டு ஒரு தோழிக்கு எழுதிச் சிரித்தார்.

போஸ் பணிவான சீடர் இல்லை. உங்கள் ஊர் ஆண்களுக்கு இருக்கிற, ஆண்மை பறிபோகுமோ என்ற பயம் என் நோயாளிகளுக்கு அந்த அளவுக்கு இல்லை, என் ஆட்கள் பெண்ணாக இருக்க ஆசைப்படுவதை எளிதாக ஒப்புக்கொள்கிறார்கள் என்று எழுதினார். பிராய்டு மழுப்பினார். 1931இல் அவருடைய 75ஆம் பிறந்தநாளுக்காகக் கல்கத்தாவிலிருந்து தந்தத்தில் செய்த விஷ்ணு போய்ச்சேர்ந்தார். மரத்திலும் தந்தத்திலும் விரிசல் விட, கல்கத்தாச் சாமிக்கு வியன்னா ஒத்துக்கொள்ளவில்லையோ என்று அந்த நாத்திகர் விசாரப்பட்டார். 1938இல் நாஜிகளுக்குத் தப்பி லண்டன் போனபோது விஷ்ணுவும் கூடவே போனார். இன்றும் அங்கே பிராய்டு மியூசியத்தில் மேஜை மேல் நிற்கிறார்.

ஆனால் போஸும் வாயை மூடிக்கொள்கிற ரகம் இல்லை. நோயாளிக்கு வழிகாட்டுவார், எதிராளியாக உன்னை நினைத்துப் பார் என்று சொல்லிக்கொடுப்பார். ஜே. எஸ். நேகி என்ற பஞ்சாபிக் கவிஞர் மனநல மருத்துவரும்கூட. அவர் 1973இல், நம்மவர்களுக்கு டாக்டரைவிட குரு சிஷ்ய உறவுதான் பொருந்தும் என்று எழுதினார். இருக்கலாம். ஆனால் நமக்கு குருக்களுக்கா பஞ்சம்? மேச்சேரி பஸ் நிலையத்தில் பெஞ்சுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். பஞ்சம் கேட்கிறவர்களுக்குத்தான்.

அரசு ஆஸ்பத்திரிக் கூட்டத்தில் ஒருவருக்கு ஐம்பது நிமிஷம் கிடைப்பது கஷ்டம். முதலில் பேசிப் பார்க்க மத்திய அரசின் டெலி மானஸ் இருக்கிறது, 2022 அக்டோபரில் தொடங்கியது. எண் 14416, காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். அங்கிருந்து எந்த வைத்தியரிடம் போனாலும் ஜாதகத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். முதல் பத்து நிமிஷத்திலேயே அவர் காரணம் சொல்ல ஆரம்பித்தால், அந்தக் கடிகாரக்கார அம்மாளை நினைத்துக்கொண்டு, ‘நான் சொல்லி முடிச்சிடறேன் டாக்டர்’ என்று தைரியமாகச் சொல்லுங்கள்.