செம்புக்கு வந்த ஆசை
கேள்வி: மொட்டை மாடியில் இருந்த ஏ.சி. அவுட்டோர் யூனிட்டின் செப்புக் குழாயை ராத்திரியோடு ராத்திரியாக அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். புது யூனிட்டை எப்படிக் காப்பாற்றுவது? (குரோம்பேட்டை வாசகர்)

பதில்: வந்தவருக்குப் புழுக்கம் இல்லை, காயலான் கடையில் செம்புக்கு நல்ல விலை, அவ்வளவுதான். பீரோவுக்கு இரண்டு பூட்டு போடுகிற நாம், முப்பது கிலோ பெட்டியை நாலு நட்டை நம்பி வெளியே விடுகிறோம். ஒரு ஸ்பானர் போதும்!

இரும்புக் கம்பிக் கூண்டு செய்து, ஆங்கர் போல்ட்டால் சுவரோடு இறுக்குங்கள். கம்பிக்கூண்டு என்றால் கம்பிக்கூண்டுதான். எனக்குத் தெரிந்த ஒருவர் பாதுகாப்புக்காகத் தகரத்தால் முழுக்க அடைத்தார். யூனிட் விட்ட வெப்பக்காற்றை அதுவே மறுபடி இழுத்தது. திருடன் வராமலே கம்ப்ரஸர் நின்றுபோனது. ஃபேனுக்கு முன்னால் தாராளமாக இடம் விடுங்கள். சர்வீஸுக்குப் பூட்டுடன் ஒரு கதவும் வேண்டும்.

குழாயை வெளிச்சுவரில் நீளமாக ஓட விடாமல், யூனிட்டின் பின்னாலேயே சுவரைத் துளைத்து உள்ளே கொண்டுபோங்கள். அறுக்க நீளம் கிடைக்காது. சீரியல் நம்பரைப் படம் எடுத்து வையுங்கள், போலீஸ் புகாருக்கு உதவும்.

கூண்டுச் சாவியைக் கூண்டின் மேலேயே வைத்துவிடாதீர்கள், ஐயா!