மருமகனின் ஃபைலை ஊருக்குப் படித்துக்காட்டுவது எப்படி?

உங்கள் தங்கை மகன் குடிபோதை மறுவாழ்வு மையத்தில் சேர்ந்திருக்கிறான். பணம் கட்டியது நீங்கள். ஆகவே ஃபைலும் உங்களுடையது. ஃப்ரிட்ஜ் வாங்கினால் வாரன்டி கார்டு காசு கொடுத்தவர் கைக்குத்தானே வருகிறது?

கை நடுங்கிக்கொண்டிருக்கும் முதல் நாளே அட்மிஷன் பாரத்தில் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். தெளிந்துவிட்டால் "இது எதுக்கு சார்?" என்று கேட்பான். யாருக்கு, எந்த விவரம், எதற்காக, எத்தனை நாளைக்கு என்றெல்லாம் அதில் எழுதிக்கொண்டிருக்காதீர்கள். "என் விவரங்களை யாருக்கும் தரலாம்" என்று ஒரு வரி போதும். கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறுகிற பேச்சே எழக்கூடாது.

அடுத்து ஆபீஸ். "சிகிச்சையில் இருந்தார், வேலைக்குத் திரும்பலாம்" என்று டாக்டர் எழுதினாலே லீவு விஷயம் முடிந்துவிடும். ஆனால் அதில் என்ன சுவாரசியம்? டிஸ்சார்ஜ் சம்மரியை முழுசாக ஜெராக்ஸ் எடுத்து அனுப்புங்கள். எந்த வயதில் முதல் குவார்ட்டர், அப்பா பெல்ட்டால் அடித்தது, நின்றுபோன கல்யாணம், ஒரு ராத்திரி தூக்க மாத்திரைகளை விழுங்கியது என்று கவுன்சிலரிடம் அழுதுகொண்டே சொன்னதையெல்லாம் எச்.ஆர். படிக்க வேண்டாமா?

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் "எல்லாரும் பிரார்த்தனை பண்ணுங்க" என்று ஆரம்பியுங்கள். புறணி என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள்.

மையம் நடத்துகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. திருந்தியவரை வீடியோ எடுத்துப் போட்டால் அட்மிஷன் குவியும். முகத்தை மங்கலாக்கிவிட்டு, குரலையும் ஊர்ப் பெயரையும் அப்படியே விட்டுவிடுங்கள்.

நடுவில் 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் ஒன்று இருந்து தொலைக்கிறது. மது, போதைப் பழக்கத்தோடு வரும் மனக்கோளாறுகளையும் அது மனநோய்க் கணக்கில் சேர்த்துவிட்டது. சிகிச்சை தருகிறவர்கள் வாய்திறக்கக் கூடாது என்கிறது 23-ஆம் பிரிவு. விலக்குகள் உண்டு: அவனைப் பார்க்கும் வேறு மருத்துவர், உயிராபத்து, உயர் நீதிமன்ற உத்தரவு போன்றவை. இன்னொருவருக்குத் தீங்கு வரும் என்றால்கூட, அதைத் தடுக்கத் தேவையானதை மட்டும்தான் சொல்லலாம். மேனேஜரும், நாளை அவனுக்குப் பெண் கொடுக்கப்போகிற வீட்டாரும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்களா என்று தேடிப் பார்த்தேன், இல்லை. நோயாளியின் சார்பில் செயல்படும் நியமனப் பிரதிநிதியாக மாமா பெயரே இருந்தாலும், அந்தப் பொறுப்பைச் செய்யத் தேவையானது மட்டும்தான் அவருக்குக் கிடைக்கும். வாட்ஸ்அப் அதில் சேராது. 24-ஆம் பிரிவோ, நோயாளி சம்மதிக்காமல் படமோ தகவலோ ஊடகத்துக்குப் போகக்கூடாது என்கிறது.

25-ஆம் பிரிவுதான் பெரிய வேடிக்கை. தன் மருத்துவப் பதிவுகளைக் கேட்டு வாங்கும் உரிமை நோயாளிக்கே உண்டாம். ஊரெல்லாம் படித்த ஃபைலை அவன் வந்து கேட்டால், "பெரிய டாக்டர் வரட்டும்" என்று சொல்லி அனுப்பிவிடுங்கள்.

இத்தனையும் ஒழுங்காகச் செய்தால் கைமேல் பலன். அடுத்த தடவை அவன் கவுன்சிலரிடம் எதையும் சொல்லமாட்டான். அவன் பட்ட பாட்டைப் பார்த்த பக்கத்துத் தெருக்காரர் மையத்தின் வாசலைக்கூட மிதிக்கமாட்டார். டாஸ்மாக்கில் யாரும் பாரம் நிரப்பச் சொல்வதில்லை.

கடைசியாகச் செலவுக் கணக்கு. 108-ஆம் பிரிவின்படி, சட்டத்தை முதல் தடவை மீறினால் 6 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடியும் மீறினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 50,000 ரூபாய்க்குக் குறையாமல் 5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். மையத்துக்காரர்கள் வீடியோ பட்ஜெட்டில் இதையும் சேர்த்துக்கொள்ளவும்.