மாமாவின் நூறாம் வாய்ப்பாடு

மாமாவுக்கு ஒரு யூரோ என்றால் நூறு ரூபாய். அன்றைய மாற்று விலையைச் செல்போனில் காட்டினாலும், "முழுசாப் போட்டுக்கோ மாப்ளே, கணக்கு சுலபம்" என்பார். இப்படிப் பெருக்கிப் பெருக்கியே, பெர்லினுக்கு வந்த புதிதில் ஊர் முறுக்கைத் தவிர வேறெதையும் தொடவில்லை.

முதலில் டோனர் கடைக்குக் கூட்டிப்போனேன். 1961 ஒப்பந்தத்துக்குப் பிறகு வேலைக்கு வந்து குடியேறிய துருக்கியர்கள் இந்த ஊருக்குக் கொடுத்த வரம் அது. நெட்டுக்குத்தாய்ச் சுழலும் கோழிக்கறியை நீளக் கத்தியால் சீவி, கோஸ், வெங்காயம், பூண்டுச் சாஸோடு ரொட்டிக்குள் திணித்துத் தருவார்கள். எவ்வளவு வாயைத் திறந்தாலும் பாதி சட்டைக்குத்தான். விலை ஏழு யூரோ.

"எழுநூறா!"

கடைக்காரரே திரும்பிப் பார்த்தார். 2024-இல் இங்குள்ள இடதுசாரிக் கட்சி டோனருக்கு 4.90 யூரோ உச்சவரம்பு கேட்டதையும், அப்போதைய சான்சலர் ஷோல்ஸையே இளைஞர்கள் இதுபற்றி மடக்கியதையும் சொன்னேன். ஜெர்மனி மீது மாமாவுக்கு மரியாதை வந்தது அப்போதுதான்.

அடுத்தது லிச்டென்பர்க்கில் உள்ள டோங் சுவான் சந்தை. கிழக்கு ஜெர்மனி ஆலைகளுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த வியட்நாமியர் பலருக்கு, 1990-இல் இரு ஜெர்மனிகளும் இணைந்த காலத்தில் வேலை போயிற்று. சிறுகடை வைத்துப் பிழைத்தார்கள். இன்று பெரிய கொட்டகைகளில் நகப்பூச்சு, பிளாஸ்டிக் பூ என்று மொத்த வியாபாரம், இடையிடையே உணவகங்கள். கோழி ஃபோ என்னும் நூடுல்ஸ் சூப் வந்தது. மேலே கிடந்த இலைதழைகளை மாமா கறிவேப்பிலையை ஒதுக்குவதுபோல ஒதுக்கி வைத்தார். பரிமாறிய அம்மாள் ஒரு முறை முறைத்துவிட்டு, அத்தனையையும் மறுபடி கிண்ணத்துக்குள் தள்ளிவிட்டுப் போனார். மாமா மறுபேச்சில்லாமல் தின்றார். அத்தைக்கு இந்த வித்தை தெரியாது.

என்னைக் கேட்டால் சூடான்காரர் கடைக்கு ஈடில்லை. சுடச்சுட ஃபலாஃபல் என்னும் கொண்டைக்கடலை வடை, அதன் மேல் தாராளமாக வேர்க்கடலைச் சாஸ். மாமா விரலால் வழித்து நக்கினார். "இதுல ரெண்டு வரமிளகா அரைச்சுப் போட்டா நம்ம சட்னிடா!" இன்னொன்றும் வாங்கச் சொன்னார். பெருக்கவே இல்லை.

அத்தோடு விட்டிருக்கலாம். ஒரு வேளையாவது 'நம்ம சாப்பாடு' வேண்டுமென்று அடம்பிடித்து ஓர் இந்திய உணவகத்துக்கு இழுத்துப்போனார். எதைக் கேட்டாலும் ஒரே ஆரஞ்சு நிறக் குழம்பு, அதில் மாம்பழத் துண்டு. விக்கலெடுத்துத் தண்ணீர் கேட்டார், பாட்டிலில் வந்தது. பில்லில் அதற்கு மட்டும் ஐந்து யூரோ.

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். பிறகு தணிந்த குரலில் கேட்டார்:

"அந்தக் கட்சி ஆபீஸ் எங்கப்பா இருக்கு?"