பாக்கறதுக்கு என்ன இருக்குதுங்க?

1980களின் கடைசியில் எங்கள் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் அப்பா கையை விரித்துவிடுவார். "திருப்பூர்ல பாக்கறதுக்கு என்ன இருக்குதுங்க? வேணும்னா ரெண்டு பனியன் எடுத்துட்டுப் போங்க." மறுநாள் அவர்களை ஊட்டி பஸ்ஸில் ஏற்றிவிடுவார்.

எங்களுக்குப் பார்க்க ஆறு இருந்தது. வெள்ளியங்கிரி மலையில் நிறமில்லாமல் கிளம்பும் நொய்யல், எங்கள் ஊருக்கு வந்ததும் அலங்காரம் செய்துகொள்ளும். இன்றைக்கு நீலமா சிவப்பா என்று பாலத்தில் நின்று பந்தயம் கட்டுவோம். கரைக்கல்லில் நேற்றைய ஊதாவும் முந்தாநாள் பச்சையும் கோடு கோடாகக் காய்ந்திருக்கும். "சீமைக்காரன் என்ன கலர் போடப்போறான்னு மொதல்ல நம்ம ஆத்துக்குத்தான் தெரியும் மாப்ளே" என்பார் பனியன் கம்பெனியில் டைலராக இருந்த மாமா.

ஊரைத் தாண்டி காங்கேயம் ரோட்டில் போனால் கிளுவை வேலி, கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலம், வெள்வேல மரத்தடியில் அசைபோடும் மாடு. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழையும் காற்று வேட்டியைப் பறிக்கும். "வேலையத்த காத்து" என்று திட்டுவார் அப்பா. இன்று உடுமலை பக்கம் அதே காற்று காற்றாலையைச் சுழற்றி மின்சாரம் தருகிறது. எங்கள் வீட்டிலேயே அதிகம் சம்பாதிக்கத் தெரிந்தது அதுதான் போலிருக்கிறது.

ஆற்றின் கதை வேறு. 1992இல் ஒரத்துப்பாளையத்தில் பாசனத்துக்கென்று அணை கட்டினார்கள், தேங்கியது சாயக்கழிவு. மற்ற ஊர்களில் அணையைத் திறக்கச் சொல்லிப் போராடுவார்கள். நொய்யல் விவசாயிகள் திறக்காதே என்று போராடினார்கள். 2011இல் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது உயர் நீதிமன்றம். கழிவைச் சொட்டுக்கூட வெளியே விடக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் அவை மறுபடி ஓடின.

இப்போது விருந்தாளி வந்தால் நான் ஊத்துக்குளி ரோட்டில் நஞ்சராயன் குளத்துக்குக் கூட்டிப்போகிறேன். சின்ன வயதில் திரும்பிக்கூடப் பார்க்காத குளம். 2022இல் பறவைகள் சரணாலயம். 2024இல் உலகின் முக்கிய ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலிலும் ஏறிவிட்டது. போன மார்கழியில் கரையில் உட்கார்ந்து, வாத்துகள் தலைகீழாக மூழ்கி வாலை ஆட்டுவதை ஒரு மணி நேரம் பார்த்தோம்.

வீடு திரும்பியதும், எண்பதைத் தொட்ட அப்பாவிடம் சொன்னேன்: எங்கெங்கிருந்தோ கடல் கடந்தும் மலை தாண்டியும் பறவைகள் நம்ம ஊருக்கு வருகின்றன என்று.

"எதுக்கு? இங்க பாக்கறதுக்கு என்ன இருக்குது?" என்றார். கொஞ்சம் யோசித்து, "போறப்ப பனியனாச்சும் எடுத்துட்டுப் போகுதா?"