சங்கரன்கோவிலும் ‘உம்’மும்: ஓர் இடையியல் ஆய்வு

1. முன்னுரை

ஜப்பானிய மொழியில் ‘மோ’ என்றோர் இடைச்சொல் உண்டு. பெயரை அடுத்து நின்றால் நம் ‘உம்’மின் வேலையைச் செய்யும். ‘யார்’ என்று பொருள்படும் ‘தாரே’யோடு சேர்ந்து எதிர்மறை வினை பெற்றால், ‘யாரும் வரவில்லை’யில் வரும் ‘யாரும்’ ஆகிவிடும். தோக்கியோவின் கக்குஷுயின் பல்கலைக்கழகப் பேராசிரியர் சுசுமு ஓனோ (1919–2008) தமிழும் ஜப்பானியமும் உறவு என்று வாதிட்டார். மொழியியலாளர் பெரும்பாலோர் ஏற்கவில்லை. அந்த வழக்குத் தீரும்வரை தென்காசி மாவட்டத்துச் சங்கரன்கோவிலில் களப்பணி செய்வதே முறை.

2. தரவுகள்

உம்மைக்குத் தொல்காப்பியம் சொல்லும் பொருள் எட்டு. எட்டும் இவ்வூர்ப் பேச்சில் உள்ளன.

எண்: “சங்கரனும் நாராயணனும்.”
முற்று: “நாலு ரத வீதியும் சனம்.”
சிறப்பு: “ஆடித்தபசு பஸ்ல கண்டக்டருக்கும் நிக்க எடமில்ல.”
ஐயம்: “ராஜபாளையம் வண்டி வந்தாலும் வரும்.”
தெரிநிலை: “சாரலும் இல்ல, வெயிலும் இல்ல.”
ஆக்கம்: “புத்துமண்ணு பிரசாதமும் ஆச்சு, மருந்தும் ஆச்சு.”
எதிர்மறை: “வாங்குன கடனைத் தரவும் செய்வாரு.” தராமலும் போகலாம் என்பது கருத்து, கடன் கொடுத்தவருக்கு உரை தேவையில்லை.
எச்சம்: “சாமியும் கும்பிட்டாச்சு.” முதலில் முடிந்த காரியம் பிரியாணி என்பது எச்சத்தால் பெறப்படும்.

3. விவாதம்

தலபுராணப்படி சங்கன், பதுமன் என்ற இரு நாக அரசர்களுக்குள் சண்டை. ‘சிவனே பெரியவர்’ என்றான் சங்கன். ‘திருமாலே பெரியவர்’ என்றான் பதுமன். இதுவரை யாரும் கவனிக்காதது: கலகம் மூட்டியது பிரிநிலை ஏகாரம். கோமதியம்மன் ஆடியில் தவமிருந்து, பாதி சிவனும் பாதி திருமாலுமாக இறைவனைக் காட்சிதரச் செய்தாள். ஏகாரத்தை உம்மையால் வென்ற வரலாறு இது.

அடுத்த சிக்கல், அவ்விறைவனின் பெயரான ‘சங்கரநாராயணர்’. உம்மை மறைந்த தொகை இது என்றால், உயர்திணை உம்மைத்தொகை பலர்பாலில் முடியும் என்பது நன்னூல் விதி. இறுதியிலுள்ள ‘ர்’ இருவர் என்பதைக் காட்டும் பன்மையா, ஒருவருக்குத் தந்த மரியாதையா? சங்கனும் பதுமனும் தத்தமக்கு வேண்டியபடி படித்துக்கொள்ள வழிவிட்ட எழுத்து அது.

‘அரியும் சிவனும் ஒண்ணு, அறியாதவன் வாயில மண்ணு’ என்பது நாடறிந்த பழமொழி. புற்றுமண்ணே பிரசாதமாகிய இத்தலத்தில் அதை நெற்றியில் இடுவதோடு நாவிலும் இடுவோர் உண்டு. எனவே உள்ளூர்ப் பாடம் ‘அறிந்தவன் வாயிலும் மண்ணு’ என்று திருத்தப்பட வேண்டும்.

4. முடிவு

பேருந்துப் பலகையில் ‘சங்கரன்கோவில்’ என்றே இருக்கிறது. உம்மை தொக்கது சரி. நாராயணனுமா தொகுவார் என்று பதுமன் வழக்குத் தொடுத்தால் வெல்லவும் கூடும். இந்த ‘உம்’ எதிர்மறை.